போர்மற் அடிக்க முதல்…

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. குசினியைக் கழுவித் துடைத்து மூடுகிற நேரம் போன் அடித்தது. சார்செல்லில் இருக்கிற ஓர் அக்கா.

"தம்பி, நாளைக்கு உனக்கு லீவுதானே? இவற்றை கொம்பியூட்டர் ஒண்டு கிடக்கு. வேலை செய்யுதில்லை. மகன் குப்பையிலை போடச் சொல்லுறான். ஒருக்கா வந்து பாக்கிறியே?"

'இவர்' என்றது அக்காவின் கணவர். மூன்று வருஷத்துக்கு முந்தி மாரடைப்பில் போய்விட்டார். வாறன் அக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நான் கணினி திருத்துகிறவன் இல்லை. பாரிஸில் ஒரு ரெஸ்ரோறன்டில் சமைக்கிறவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கப் போய், 2006 இல் இரண்டாம் வருஷத்தோடு அது நின்று போனது. படிப்பு நின்றாலும் எதையாவது கழற்றிப் பார்க்கிற வருத்தம் நிற்கவில்லை. அது எங்கள் ஊர்ச் சனத்துக்கே உள்ள வருத்தம்தான். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிட்டுப்போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தியும் பாட்டும் கேட்ட ஆட்கள் நாங்கள்.

அதனால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று என்னைக் கூப்பிடுவார்கள். கூலி ஒரு தேத்தண்ணி. சில வீட்டில் புட்டும் மீன்குழம்பும். இத்தனை வருஷத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: கணினிக்கு வருகிற வருத்தங்களில் முக்கால்வாசி உண்மையில் வருத்தமே இல்லை.

முதலாவது, கரண்ட். 'செத்துப்போச்சு' என்று சொன்ன கணினிகளில் பல, பல பிளக் கொழுவுகிற பலகையின் சிவப்புச் சுவிட்சைப் பிள்ளையோ வக்யூம் கிளீனரோ தட்டியதால் செத்தவை. பெரிய பெட்டிக் கணினி என்றால் அதன் பின்பக்கத்திலும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைக் கொழுவிப் பாருங்கள். விளக்கு எரிந்தால்தான் கணினியைச் சந்தேகிக்க வேண்டும். லப்டொப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, திரும்பக் கொழுவிப் பாருங்கள். உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரம் இறங்கினால் பல லப்டொப்புகள் தானாக எழும்பிவிடும்.

இரண்டாவது, சூடு. எங்கள் ஆட்களின் வீடுகளில் இது கட்டாயம். ஒரே அறைதான் குசினி, விறாந்தை, படிப்பறை எல்லாம். தாளிக்கிற எண்ணெய்ப் புகை காற்றில் மிதந்து, லப்டொப்பின் காற்றாடியில் தூசியோடு ஒட்டி, கம்பளி மாதிரிப் படிந்துவிடும். அதோடு அதைக் கட்டில் மெத்தையில் வைத்துப் படம் பார்த்தால் காற்றுப் போகிற ஓட்டையும் அடைபட்டுவிடும். உள்ளே நூறு பாகையை நெருங்கினால் புறொசெசர் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அதுக்கும் சரிவராவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும். 'அரை மணித்தியாலம் வேலை செய்து நிண்டு போகுது, வைரஸ்தான்' என்பார்கள். வைரஸ் இல்லை, வெங்காயம் வதக்கின புகை. ரெஸ்ரோறன்டில் அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கி வடியைக் கழுவாவிட்டால் என்ன நடக்கும் என்று குசினியில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். இதுவும் அதுதான். கரண்டை நிற்பாட்டி, காற்றாடி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, அடைத்த காற்று விற்கிற குப்பியால் ஊதினால் போதும்.

மூன்றாவது, பாஸ்வேட். ஓர் அண்ணை இரவு பதினொரு மணிக்கு அழாத குறையாகப் போன் எடுத்தார். "தம்பி, ஆரோ என்ரை கொம்பியூட்டருக்குள்ளை பூந்திட்டாங்கள். பாஸ்வேட் மாத்திப் போட்டாங்கள்." யாரும் பூரவில்லை. பிரெஞ்சுக் கீபோட்டில் ஏ இருக்கிற இடத்தில் ஆங்கிலக் கீபோட்டில் கியூ இருக்கும். இசட் இருக்கிற இடத்தில் டபிள்யூ. இலக்கங்களுக்கு ஷிப்ட் அழுத்த வேண்டும், ஆங்கிலத்தில் வேண்டாம். இடது ஓல்ட்டையும் ஷிப்டையும் கை தவறி ஒன்றாக அழுத்தினால் வின்டோஸ் கீபோட்டை மாற்றிவிடும். திரையின் கீழ் மூலையில் மொழியின் சுருக்கெழுத்து இருக்கும், அதைப் பார்த்து மாற்றினால் சரி. அண்ணை அதுக்குள் மூன்று பேரைச் சந்தேகப்பட்டு, ஒருத்தரோடு சண்டையும் பிடித்துவிட்டார்.

நாலாவது, திரை முழுக்கச் சிவப்பாகி, சங்கு ஊதி, 'உங்கள் கணினி முடக்கப்பட்டுள்ளது, இந்த இலக்கத்துக்குப் போன் எடுங்கள்' என்று வருவது. அது கணினியின் பழுதே இல்லை, ஒரு இணையப் பக்கம். மைக்ரோசொவ்ற்றின் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், பிறகு ஓல்ட்டும் எப் நாலும். அதுக்கும் போகாவிட்டால் கணினியையே நிற்பாட்டுங்கள். அந்த இலக்கத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தவர்கள் பாங்க் கார்ட் நம்பரும் கொடுத்து, தங்கள் கணினிக்குள் அவனை உள்ளேயும் விட்டிருக்கிறார்கள். நம்பி எடுத்தவர் படித்த மனிசர். பயத்துக்குப் படிப்புத் தெரியாது.

இப்போது புதிதாக ஒன்று. வின்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வின்டோஸ் 11 க்கு ரீபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பழைய புறொசெசர்களையும் அது ஏற்காது. உடனே 'இதெல்லாம் குப்பை, புதுசு வாங்குங்கோ' என்று கடைக்காரர் சொல்வார். மின்னஞ்சல் பார்க்க, பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்கு, லினக்ஸ் மின்ற் போட்ட பழைய லப்டொப் இன்னும் சில வருஷம் ஓடும். பழைய சுழல்கிற ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் ஆமை முயலாகும். நான் பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் பொறுமையாலோ கொஞ்சக் காசாலோ தீருகிற காரியம். தீராத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2010 மாரிகாலம். நான் அப்போது ஒரு ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு கூட நின்ற பெடியன் ஒருத்தன், புதுக்குடியிருப்புப் பக்கம். அவன் தன் லப்டொப்பைக் கொண்டுவந்தான். திறந்தால் நீலத் திரை. அந்தக் காலத்தில் என்னிடம் ஒரே ஒரு மருந்துதான். போர்மற் அடிக்கிறது. எக்ஸ்பி சீடியைப் போட்டு, உள்ளதை எல்லாம் வழித்துத் துடைத்து, புதுசாய் ஏற்றி, இரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன். புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பெருமையோடு அவனுடைய கையில் கொடுத்தேன்.

அவன் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் கிளிக் பண்ணிப் பார்த்தான்.

"மச்சான், என்ரை படங்கள் எங்கை?"

"என்ன படம்?"

"அம்மான்ரை படங்கள்."

2009 இல் அவனுடைய தாய் வன்னியில் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டிலிருந்த அல்பங்கள் இடம்பெயர்வில் எங்கோ போய்விட்டன. 2006 இல், பாதை பூட்ட முதல், தமக்கை சில படங்களை ஸ்கான் பண்ணி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். அந்த மின்னஞ்சல் கணக்கையும் அவன் பாவிக்காமல் விட்டு, அது மூடுப்பட்டுவிட்டது. உலகத்தில் அந்தப் படங்கள் இருந்த ஒரே இடம் அந்த லப்டொப். அதை நான் வழித்துத் துடைத்திருந்தேன்.

அவன் என்னை ஏசவில்லை. "பரவாயில்லை மச்சான், நீ வேணுமெண்டே செய்தனி" என்றான். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றிரவு நான் படுக்கவில்லை. வாசித்தேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. விரைவாக போர்மற் அடித்தால் டிஸ்க்கில் உள்ள கோப்புகள் உடனே அழிவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்து எறிந்த மாதிரி. பக்கங்கள் உள்ளேதான் இருக்கும், எது எங்கே என்று மட்டும் தெரியாது. ஆனால் அதன் மேல் புதிதாக எதையாவது எழுதினால் எழுதின இடம் போனது போனதுதான். நான் அதன் மேல் ஒரு முழு வின்டோஸை எழுதியிருந்தேன்.

அடுத்த நாள் அவனிடம் லப்டொப்பைத் திரும்ப வாங்கி, அதை இயக்காமல், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் கொழுவினேன். போட்டோறெக் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது பொருளடக்கத்தைப் பார்க்காது. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, 'இது படம் மாதிரி இருக்கு' என்று பொறுக்கி எடுக்கும். விடிய விடிய ஓடியது. பேரில்லாத ஆயிரக்கணக்கான படங்கள். முக்கால்வாசி இணையப் பக்கங்களில் வருகிற விளம்பரமும் பொத்தானும். அவனும் நானும் வேலை முடிய இரவிரவாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூன்றாம் நாள் அவன் என்னுடைய கையைப் பிடித்தான்.

தாயின் படம். கிணற்றடியில் நிற்கிறா. நெற்றி, கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம். அந்த இடத்தில்தான் வின்டோஸ் ஏறியிருந்தது.

மற்ற ஒரு படமும் முழுசாகக் கிடைக்கவில்லை. அதை அவன் அப்படியே, பாதிச் சாம்பலோடு, பெரிதாகப் பிரின்ற் பண்ணிக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறான். இன்றைக்கும் அவன் வீட்டுக்குப் போனால் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத்தான் பார்ப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம். யார் எந்தக் கணினியைக் கொண்டுவந்தாலும் 'என்ன பழுது?' என்று முதலில் கேட்கமாட்டேன். 'வேறை எங்கையும் இல்லாத சாமான் இதுக்குள்ளை என்ன இருக்கு?' என்றுதான் கேட்பேன். பதில் கிடைக்கும்வரை ஸ்குறூ ட்றைவரைத் தொடமாட்டேன். ஏதாவது இருந்தால் முதலில் அது வெளியே வர வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் கொழுவியோ, யூஎஸ்பி குச்சியில் லினக்ஸ் போட்டு அதால் இயக்கியோ பிரதி எடுத்த பிறகுதான் வைத்தியம்.

சுழல்கிற டிஸ்க் 'டிக், டிக்' என்று தட்டிச் சத்தம் போட்டால் உடனே நிற்பாட்டுங்கள். உள்ளே வாசிக்கிற முள் தடுமாறுகிற சத்தம் அது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் மிச்சமும் கீறுப்படும். எஸ்எஸ்டி வேகமானது, ஆனால் அதில் அழித்த கோப்பு இருந்த இடத்தைக் கணினி தானாகவே துப்புரவாக்கிவிடும். என்னுடைய பாதிப் படம் கூட அதிலிருந்து கிடைத்திருக்காது. இப்போதைய பல லப்டொப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. பிட்லொக்கர் என்பார்கள். அதன் 48 இலக்கத் திறப்பு உங்கள் மைக்ரோசொவ்ற் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேட் மறந்தால் டிஸ்க்கைக் கழற்றியும் பிரயோசனமில்லை. ஆகவே அந்த இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி, பாஸ்போட் வைக்கிற இடத்தில் வையுங்கள்.

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம்.

திங்கட்கிழமை மத்தியானம் போனேன். கறுத்தப் பெட்டி, எக்ஸ்பி காலத்து மெசின். பல்கனியில் அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் இருந்தது. என் கேள்வியைக் கேட்டேன்.

"அவர் எழுதின கடிதங்கள் இருக்குத் தம்பி. ஊருக்கு எழுதுறதெல்லாம் இதிலைதான் அடிச்சு, பிரின்ற் எடுத்து அனுப்புவார். அவற்றை கையெழுத்து ஆருக்கும் விளங்காதெண்டு. ஆனா மகன் முந்தி ஒருக்கா அதுகளைக் குச்சியிலை எடுத்துத் தன்ரை லப்டொப்பிலை திறந்து பாத்தவன். எல்லாம் பழுதாப் போச்சாம். ஏதோ கிறுக்கலா வருதாம்."

டிஸ்க்கைக் கழற்றினேன். அகல நாடா வயர் கொழுவுகிற பழைய வகை. அதுக்கான அடப்டர் என் பையில் எப்போதும் இருக்கும். என் லப்டொப்பில் கொழுவினேன். சத்தமில்லாமல் சுற்றியது. முதல் வேலையாக எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். பிறகு ஒரு கடிதத்தைத் திறந்தேன். மகன் சொன்னது சரிதான். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கிறுக்கல். அக்கா என் தோளுக்கு மேலால் பார்த்து, "போச்சுத்தானே" என்றா.

நான் கடிதத்தின் மேல் வரியைப் பார்த்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, இது 'அம்மா'."

பாமினி! புலம்பெயர்ந்த எங்களில் முக்கால்வாசிப் பேர் முதன்முதலில் தமிழ் அடித்த எழுத்துரு. அதில் எம் அடித்தால் அ, கே அடித்தால் ம, அரைப்புள்ளி அடித்தால் குற்று, எச் அடித்தால் அரவு. கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தைத்தான். பாமினி இருக்கிற கணினியில் அது தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் கிறுக்கலாகத் தெரியும். கோப்பில் ஒரு பழுதும் இல்லை. மகனில் பிழை சொல்ல முடியாது. அவன் பிறந்து வளர்ந்த காலத்தில் தமிழ் யுனிகோட்டுக்குப் போய்விட்டது.

இனிப் பெட்டி. டிஸ்க்கைத் திரும்பப் பூட்டி இயக்கினேன். திரை இருட்டு, நீளமாக விட்டு விட்டுக் கத்தியது. றாம் சரியாகப் பிடிக்காவிட்டால் பல மெசின்கள் இப்படித்தான் கத்தும். கரண்டைக் கழற்றி, றாமை எடுத்து, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பூட்டினேன். வெளிச்சம் வந்தது. திகதி பிழை என்றது. மதர்போட்டில் இருக்கிற காசு மாதிரியான சிறிய பற்றறி செத்துவிட்டது. சிஆர் 2032, எந்தக் கடையிலும் இரண்டு மூன்று யூரோ. (திகதி பிழையென்றால் இப்போதைய கணினிகளில் பாங்கின் இணையப் பக்கமும் திறக்காது. அதையும் வைரஸ் என்று நினைப்பார்கள்.) திகதியைக் கையால் திருத்திவிட்டு உள்ளே போனேன்.

எக்ஸ்பியின் பச்சை மலை வந்தது. கடிதத்தைத் திறந்தேன். தமிழ்.

முதலில் திறந்தது சீட்டுக் கணக்கு. யார் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று. "இவன் இன்னும் கட்டேல்லைத் தம்பி!" என்று அக்கா ஒரு பேரில் விரலை வைத்தா. அடுத்தது தாய்க்கு எழுதின கடிதம். குளிர், வேலை, காசு அனுப்பினது, தம்பியை மோட்டச்சைக்கிள் மெதுவாக ஓடச் சொல்லு, கிணற்றடி மாதுளைக்குத் தண்ணி விட மறக்காதேங்கோ. அக்கா கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மவுசைத் தன் கையில் எடுத்தா. நான் எழும்பிக் குசினிக்குப் போய் நானே தேத்தண்ணி போட்டேன்.

மகன் பின்னேரம் வந்தான். பழைய டிஸ்க்கிலிருந்து பாமினியை எடுத்து அவனுடைய லப்டொப்பில் ஏற்றிக் காட்டினேன். இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. பாமினியை ஒட்டினால் யுனிகோட்டாகத் தரும். அப்படி மாற்றி வைத்தால் போனிலும் வாசிக்கலாம். அவன் மெல்ல மெல்ல எழுத்துக் கூட்டி, "அன்-புள்-ள அம்-மா-வுக்கு" என்று வாசித்தான். நாற்பத்தியொரு கடிதங்கள். மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று அவனுடைய லப்டொப்பில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில். அந்த வேறு வீடு என் வீடு. ஒரு வீட்டில் தண்ணியோ நெருப்போ கள்ளனோ வந்தாலும் மற்ற இடத்தில் இருக்கும்.

பெட்டியைக் குப்பையில் போடலாமா என்று கேட்டான். இப்போது போடலாம் என்றேன். அக்கா விடவில்லை. அது திரும்ப அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் போய்விட்டது.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் கட்டிலுக்குக் கீழே, நிலவறையில், பழைய பெட்டி ஒன்று இருக்கும். அல்லது சார்ஜ் ஏறாத பழைய போன். ஊர்ப் படம், கலியாண வீடியோ, இல்லாமல் போன ஒருத்தரின் குரல், ஏதாவது அதுக்குள் கிடக்கும். வருகிற லீவு நாளில் அதை வெளியே எடுங்கள். திருத்துகிறவனிடம் கொடுக்க முதல் அவன் என்ன கேட்கிறான் என்று பாருங்கள். உள்ளே என்ன இருக்கு என்று கேட்காமல் சீடியையோ குச்சியையோ கையில் எடுத்தால், வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்படி ஒருத்தனாகத்தான் நானும் ஒரு காலத்தில் இருந்தேன்.